நவம்பர் மழையில் திறந்த எம்.ஜி. டி.டி. வண்டி: குன்னூர் வழியா ஏத்தம், கோத்தகிரி வழியா இறக்கம், என்னென்ன பார்க்கணும்?

திறந்த_டாப்_52 கேட்டது:

வணக்கம். வண்டி 1952 எம்.ஜி. டி.டி., ரெண்டு பேர் உட்கார்ற பழைய பிரிட்டிஷ் திறந்த கார். 1250 சிசி, ரெண்டு எஸ்.யூ. கார்பரேட்டர், 12 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியோட பாசிட்டிவ் முனை பாடியில சேர்ந்திருக்கும்). ரேடியேட்டர் மூடி அழுத்தம் இல்லாத பழைய வகைதான். நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். கித்தான் டாப் புதுசு, சைடு ஸ்க்ரீன் சொருகிக்கிற மாதிரி.

நவம்பர் மூணாவது வாரம், மூணு நாள். முதல் நாள் கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், பர்லியார், குன்னூர், ஊட்டி. ரெண்டாம் நாள் பைக்காரா, நடுவட்டம், கூடலூர் போயிட்டு ராத்திரிக்கு ஊட்டி திரும்பணும். மூணாம் நாள் கோத்தகிரி வழியா இறக்கம். ரெண்டு பேர், பின்னால கேரியர்ல ஒரு பெட்டி. தேதி மாத்த முடியாது, மழை இருக்கும்னு தெரிஞ்சுதான் கிளம்புறோம். சமவெளியில வண்டி சூடாகாம ஓடுது. தண்ணி கொதிக்குமா, அழுத்த மூடி மாட்டணுமா, கார்பரேட்டரைத் தொடணுமா, மழையில எது முதல்ல காலை வாரும்?

முக்கால்_இன்ச்_ஸ்பேனர்:

சமவெளியில சூடாகலைங்கறது மலைக்குக் கணக்கில்லைங்க. மேல போகப் போக தண்ணியே சீக்கிரம் கொதிக்கும். சுமார் 325 மீட்டர்ல இருக்கிற மேட்டுப்பாளையத்துல 99 டிகிரியில கொதிக்கிற தண்ணி, 1,850 மீட்டர் குன்னூர்ல 94-ல கொதிக்கும். 2,240 மீட்டர் ஊட்டியில 92, 93-லயே கொதிச்சுடும். அழுத்தமில்லாத மூடின்னா அந்த ஆறேழு டிகிரி உங்களுக்குக் கிடையாது. தண்ணி சூடு காட்டுற கேஜ்ல 85 காட்டினா கோவையில நிம்மதி. குன்னூருக்கு மேல அதே 85-ஐப் பார்த்தா ஓரமா நிறுத்த இடம் தேட ஆரம்பிக்கணும்.

அதுக்காக அழுத்த மூடிக்கு வழி பண்ணாதீங்க. எழுபது வருச சாலிடர், அந்த ரேடியேட்டர் அழுத்தத்துக்குச் செஞ்சதும் இல்ல. ரேடியேட்டரைக் கழட்டி கீழிருந்து மேலா தண்ணி விட்டு அலசுங்க. எஞ்சின் பிளாக்ல தண்ணி வடிக்கிற டேப்பைத் திறந்து ஒரு கம்பி விட்டுக் கிளறுங்க. டேப்பைத் திறந்தும் தண்ணி வராம, கம்பி போனதும் பழுப்பா கொழகொழன்னு வந்தா எஞ்சினுக்குள்ள தண்ணி சுத்துற ஜாக்கெட்டுல சேறு தங்கியிருக்குன்னு அர்த்தம், தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் விடக்கூடாது. ஃபேன் பெல்ட்டை நடுவுல அமுக்கினா அரை இன்ச் இறங்கணும். கூலண்ட் 25 சதவீதம் போதும். மழை விட்ட ராத்திரி ஊட்டியில உறைபனி விழலாம், அதுக்குத்தான் அது. கூட ஊத்தினா சூடு கடத்துறது குறையும். மேல் டேங்க்ல ஒரு இன்ச் காலியா விடுங்க. விளிம்பு வரைக்கும் ஊத்தினா விரிஞ்சு எப்படியும் வெளிய கொட்டும், அதைப் பார்த்து கொதிக்குதுன்னு பதறுறவங்க நிறைய.

மலையடிவாரக் கல்லாறு தாண்டினதும் ரெண்டாம் கியர், 20–25 கி.மீ. வேகம். மூணாவதுல மூச்சு வாங்க இழுத்தீங்கன்னா எஞ்சினுக்கு சுமை அதிகம், ஃபேனும் பம்பும் மெதுவா சுத்தும். கொதிக்க வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. கொதிச்சுட்டா உடனே ஆஃப் பண்ணாதீங்க. ஆஃப் பண்ணினா தண்ணி ஓட்டம் நின்னு, ஹெட்ல தேங்கின சூடு அப்படியே கார்பரேட்டருக்கும் ஏறும். காத்து வர்ற பக்கம் வண்டி மூஞ்சியைத் திருப்பி, 1,200 ஆர்.பி.எம்.ல ரெண்டு மூணு நிமிசம் ஓட விட்டு, கேஜ் இறங்கின பிறகு ஆஃப் பண்ணுங்க. தண்ணி சேர்க்கணும்னா எஞ்சின் ஓடும்போதே, துணியைப் போட்டு மூடியைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமா. ரேடியேட்டர் தண்ணியை ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்ல எடுத்துட்டுப் போகாதீங்க, மாவட்டத்துல தடை, சோதனைச் சாவடியில வாங்கி வச்சுக்குவாங்க. பத்து லிட்டர் கேன் ஒண்ணு போதும்.

கார்பரேட்டர்: ஊட்டியில காத்து ஐந்தில் ஒரு பங்கு மெலிசு. 54 குதிரைத்திறன் வண்டி அங்க 43, 44-தான் கொடுக்கும், அதை மாத்த வழியில்ல. ஆனா காத்து குறைஞ்ச அளவுக்கு பெட்ரோல் குறையாது, கலவை பத்து சதவீதத்துக்கு மேல ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடிடும். ஐடிலிங்ல தள்ளாடும், பிளக் கரியாகும். ஜெட்டுக்குக் கீழ இருக்கிற ஆறு பட்டை நட்டை ரெண்டு கார்பரேட்டர்லயும் ஒரே அளவா, ஒண்ணு அல்லது ரெண்டு பட்டை மேல்நோக்கித் திருப்புங்க. திருப்புறதுக்கு முன்னாடி பெயின்ட்ல ஒரு புள்ளி வச்சுக்கங்க. மேட்டுப்பாளையம் இறங்கினதும் அந்தப் புள்ளிக்கே திரும்பணும். மறந்துட்டு கோவைக்கு முழு த்ராட்டில்ல விரட்டினா பெட்ரோல் பத்தாம லீன் ஓடி பிஸ்டனுக்கு வினை.

இன்னொண்ணு, இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், கார்க் வாஷர் எல்லாத்தையும் எத்தனால் தாங்குற ரகத்துக்கு மாத்தாம மலை ஏறாதீங்க. எத்தனால் கலந்தது சூட்டுல சீக்கிரம் ஆவியாகும். வண்டியில இருக்கற மின்சார பெட்ரோல் பம்ப் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்க. நிதானமா 'டக்... டக்' அடிச்சா சரி. எஞ்சின் திணறும்போது படபடன்னு வேகமா அடிச்சா பம்ப் ஆவியையோ காத்தையோ இழுக்குது, லைன் மேல ஈரத்துணி சுத்திப் பத்து நிமிசம் நிறுத்துங்க. சத்தமே இல்லன்னா பம்புக்குள்ள கரண்ட் தொட்டு விடுற பாயிண்ட் ஒட்டியிருக்கும், ஸ்பேனர் பிடியால லேசா ஒரு தட்டு.

கட்அவுட்_பாயிண்ட்:

மழையில முதல்ல நிக்கறது எஞ்சின் இல்லைங்க, கரண்ட். பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டார் மூணும் புதுசா இருக்கணும். கேப்பை வெயில்ல சாய்ச்சுப் பாருங்க, உள்ள பென்சில்ல கோடு கிழிச்ச மாதிரி தெரிஞ்சா அது கார்பன் தடம். காய்ஞ்ச நாள்ல ஒண்ணும் தெரியாது, ஈரம் பட்டதும் அது வழியா கரண்ட் தாவும். துடைச்சுப் பிரயோஜனமில்ல, கேப் மாத்தணும்.

அப்புறம் பாத்திரம் கழுவுற தடிச்ச ரப்பர் கையுறை ஒண்ணு. அஞ்சு விரல் நுனியையும் ஒயர் தடிமனை விடச் சின்னதா வெட்டுங்க. நாலு பிளக் ஒயர், ஒரு காயில் ஒயர், கணக்கு சரியா அஞ்சு. ஒவ்வொண்ணையும் ஒரு விரல் வழியா வெளிய இழுத்து, உள்ளங்கைப் பகுதி கேப்பை மூடுற மாதிரி மாட்டி, மணிக்கட்டுப் பக்கத்தை டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்துல விடுங்க. காசு கொடுத்து வாங்குற எந்த உறையும் இதைவிட நல்லா உட்காராது. ஃபேன் வாரி இறைக்கிற தண்ணி கேப்பைத் தொடாது.

லோடு கணக்கு போட்டுக்கங்க. ஹெட்லைட் ரெண்டு 42 வாட், 7 ஆம்ப். காயில் 3, வைப்பர் 3, பம்ப் 1, சின்ன விளக்குகள் 2. மொத்தம் 16. டைனமோ நல்லா சுத்தும்போது 19 பக்கம் கொடுக்கும், ஐடிலிங்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே கொடுக்காது. பர்லியார் நெரிசல்ல ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு அரை மணி நின்னா பேட்டரியைத் தின்னுடும். இதுக்கு மேல 55 வாட் ஃபாக் லைட் ரெண்டு மாட்டினா 9 ஆம்ப், தாங்காது. மூடுபனியில ஹெட்லைட்டை 'டிம்'ல போடுங்க, 'பிரைட்' போட்டா வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

உங்களுக்கு முன்னால தெரியறதை விட, பின்னால வர்ற பஸ்ஸுக்கு நீங்க தெரியறது முக்கியம். அந்தப் பின்விளக்கு வெறும் 6 வாட். எல்.இ.டி. பல்பு போடலாம், ஆனா பாசிட்டிவ் எர்த்துக்குன்னு சொல்லி வாங்குங்க. சாதாரண எல்.இ.டி. எரியாது, இல்ல போயிடும். போன் சார்ஜரும் அப்படித்தான், அதோட உலோக உறை பாடியில பட்டா ஷார்ட். 35 ஆம்ப் கண்ணாடி ஃப்யூஸ் நாலு, பாயிண்ட் செட், கண்டென்சர் கையில இருக்கட்டும்.

ஊட்டியில காலையில ஸ்டார்ட் ஆகலைன்னா செல்ஃபைப் போட்டு அறுக்காதீங்க. கேப்பைத் திறந்தா உள்ள வேர்த்திருக்கும், உலர்ந்த துணியால துடைச்சுட்டு ஹேண்டில் போடுங்க. ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மத்த விரலோட ஒரே பக்கம் வைக்கணும், திருப்பி உதைச்சா மணிக்கட்டு போயிடும்.

குஞ்சப்பனை_வளைவு:

எல்லாரும் ஏத்தத்தையே பேசுறீங்க. வண்டியை நிறுத்த முடியாமப் போறது இறக்கத்துல. ஒரே லைன் பிரேக், எங்க ஒரு இடத்துல கசிஞ்சாலும் நாலும் போயிடும், அப்புறம் பின்சக்கர ஹேண்ட்பிரேக் மட்டும்தான்.

பிரேக் ஆயிலை முழுசா மாத்துங்க, ஒரு லிட்டர் புது டப்பா. டாட் 4 ரக ஆயில் புதுசா இருந்தா குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் குடிச்ச பிறகு அதுவே 155-க்கு இறங்கும். பழைய ஆயில் மழைக்காலத்துல ஈரம் குடிச்சேதான் இருக்கும். மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரமான சக்கரத்துல ஆரம்பிச்சு காத்து எடுங்க. முன்சக்கரத்துல பிரேக் ஷூவுக்கு ஒண்ணா ரெண்டு அட்ஜஸ்டர், பூட்டுற வரைக்கும் திருப்பி ஒரு கிளிக் பின்னால. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லைன்னா ஈர ரோட்டுல வண்டி இழுக்கும்.

எந்தக் கியர்ல ஏறுமோ அந்தக் கியர்ல இறங்கணும், உங்களுக்கு அது ரெண்டாவது. முதல் கியருக்கு, ஓடும்போது கியர் சுலபமா விழ வைக்கிற சிங்க்ரோ கிடையாது, வளைவுக்குள்ள போய்த் தேடினா கிடைக்காது, நியூட்ரல்ல உருளுவீங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்காம, விட்டு விட்டு அழுத்தமா பிடிங்க. கருகின வாசம் வந்தா அது முதல் எச்சரிக்கை. பெடல் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலைன்னா லைனிங் சூடு. பெடல் தரை வரைக்கும் போய், ரெண்டு மூணு தடவை அடிச்சா மேல வந்தா ஆயில் கொதிக்குது. எதுவா இருந்தாலும் அரை மணி நேரம் நிறுத்துங்க. சூடான டிரம்ல ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காம, கியர்ல போட்டு மரக்கட்டை ரெண்டு சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்க. தயவுசெய்து கட்டை கொண்டு வாங்க. ரோட்டோரக் கல்லை எடுத்து வச்சுட்டு, கிளம்பும்போது வளைவுலயே விட்டுட்டுப் போற பழக்கம் இந்த மலையில தீரவே மாட்டேங்குது, ராத்திரி பைக்ல வர்றவனுக்கு அது எமன். தண்ணி தேங்கின இடம் தாண்டினதும் நூறு மீட்டர் லேசா பிரேக் பிடிச்சு ஷூவை உலர்த்துங்க.

மழைக்கணக்கு ஒண்ணு. நவம்பர் வடகிழக்குப் பருவமழை, அடிக்கறது கிழக்குச் சரிவுல, அதாவது குன்னூர், கோத்தகிரி பக்கம். கூடலூர், நடுவட்டம் தென்மேற்கு மழைக்குத்தான் அதிகம் நனையும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 செ.மீ. கொட்டினது அந்த மழை. அதனால உங்களுக்கு ஆபத்து முதல் நாளும் மூணாம் நாளும். மரப்பாலம், காட்டேரி பகுதியில மண் சரியும், ரோட்டை மூடினா கோத்தகிரி வழியாத் திருப்பி விடுவாங்க. காலையில ஆறு மணிக்கே கிளம்பிடுங்க, மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் வலுக்கும். ரெண்டாம் நாளை லேசா எடுக்காதீங்க. கூடலூர் 1,100 மீட்டருக்குப் பக்கம், சாயங்காலம் மறுபடி ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறணும். தலைக்குந்தாவிலிருந்து கல்லட்டி பக்கம் திரும்பவே வேண்டாம், 36 கொண்டை ஊசி இந்த பிரேக்குக்கு ஆகாது. கற்பூர மரத்தடியில (யூகலிப்டஸ்) நிறுத்தாதீங்க, ஈரத்துல வேரோட சாயும்.

இ-பாஸ் எடுத்துடுங்க, 2024 மே மாசத்துலேருந்து கட்டாயம். வண்டிக்கு விண்டேஜ் வண்டிகளுக்கான 'வி.ஏ.' வரிசை நம்பர்னா 2021 விதிப்படி கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பு, பெட்ரோல் போடுறது மாதிரியான காரியத்துக்குத்தான் ரோட்டுல வரலாம். பழைய நம்பரே புதுப்பிச்சு ஓடுதுன்னா பிரச்சினையில்ல. பர்லியார்ல குரங்கு, திறந்த வண்டின்னா சீட்ல இருக்கற பை அதுக்குத்தான்.

திறந்த_டாப்_52:

எல்லாருக்கும் நன்றிங்க. நம்பர் பழசுதான். டாப் பத்தி யாரும் சொல்லலையே? வேகமா ஓட்டினா மழை கண்ணாடிக்கு மேல பறந்துடும், டாப் வேண்டியதில்லைனு சொல்றாங்க. மூடினா உள்ள கண்ணாடி வேர்க்குது.

கித்தான்_தையல்:

அது 60 கி.மீ.க்கு மேல, நெடுஞ்சாலைக் கணக்கு. மலையில நீங்க 20-ல ஊருவீங்க, மழை நேரா மடியில விழும். கல்லாறுலயே டாப்பை மூடிடுங்க. தையல் வழியாத்தான் முதல்ல ஒழுகும், முந்தின வாரமே தையல் மேல மெழுகு தேய்ச்சு வைங்க. வேர்க்கறதுக்குக் காரணம் உள்ள அடைபட்ட மூச்சும் நனைஞ்ச கார்ப்பெட்டும். கார்ப்பெட்டையும் அடியில இருக்கற ஃபெல்ட்டையும் கழட்டி வீட்டுல வச்சுட்டு ரப்பர் மேட் போடுங்க. பெடல் துவாரம் வழியா தண்ணி எப்படியும் வரும், வர்றது வெளிய போகட்டும். டிரைவர் பக்க சைடு ஸ்க்ரீன்ல கை நீட்டற மடிப்பைத் திறந்தே வைங்க. காத்தும் வரும், சிக்னலுக்குக் கையும் போகும், இந்த வண்டிக்கு அதுதானே இண்டிகேட்டர். ஸ்க்ரீனைக் காய்ஞ்ச துணியால துடைச்சா கீறல் விழும், தண்ணி ஊத்திக் கழுவுங்க. பைக்காரங்க போடுற மழைக்கோட்டு, பேன்ட்டோட சேர்த்து. ஊட்டியில ராத்திரி டாப்பை ஈரத்தோட மடிக்காதீங்க, மூணே நாள்ல பூசணம்.

முக்கால்_இன்ச்_ஸ்பேனர்:

கையுறை யோசனை சரிதான், ஆனா மணிக்கட்டுப் பக்கத்தை டேப் போட்டு இறுக்கிடாதீங்க. கீழ விரல் நுழையற அளவு இடைவெளி வேணும், இல்லைன்னா உள்ள வேர்த்து, தடுக்க நினைச்சதே நடக்கும்.

அந்த வைப்பர் மோட்டாரை நம்பாதீங்க. உள்பக்கம் கையால ஆட்டற குமிழ் இருக்கும், அது இறுகாம இருக்கானு கிளம்பறதுக்கு முன்னாடி பாருங்க. கண்ணாடி வெளிப்பக்கம் உருளைக்கிழங்கைப் பாதியா வெட்டித் தேய்ச்சா தண்ணி முத்து முத்தா நிக்காம விரிஞ்சு வழியும். அரை மணிக்கொரு தடவை தேய்க்கணும். கிழங்குக்கு ஊட்டியில பஞ்சமில்ல.