சின்ன கேமரா வாங்கியவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பதிவு 1

நானே தொடங்குகிறேன். அப்பா வாயை மூடாமல் சிரித்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஒன்று இருந்திருக்க வேண்டும். அன்றைக்குக் கேமரா கையில்தான் இருந்தது.

முன்பற்கள் இரண்டும் விழுந்த பிறகு, சிரிப்பு வந்தாலே அப்பாவின் கை தானாக வாய்க்குப் போய்விடும். அன்று தம்பி மகன் அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, அவரைப் போலவே இருமிக் காட்டினான். அப்பா வெடித்துச் சிரித்துவிட்டார். இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன. நான் பொத்தானை அழுத்தினேன். திரை மங்கியது, தெளிந்தது, திரும்ப மங்கியது, பச்சைக் கட்டம் வந்தது, அப்புறம்தான் 'டிக்'. படத்தில் கை வாயின் மேல் இருக்கிறது. கைக்கு மேலே கண்கள் மட்டும் சிரிக்கின்றன.

பெட்டியின் மேல் போட்டிருந்த மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து வாங்கிய கேமரா அது. அதில் 16, பக்கத்தில் இருந்ததில் 10. அழுத்தினால் எவ்வளவு நேரத்தில் படம் விழும் என்று கேட்கவே தோன்றவில்லை. கடையில் நின்ற நேரத்தில், நடந்து போகிற ஒருவரை ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்பா இப்போது இல்லை.

பதிவு 2

மணல். என் கதை அந்த ஒரு சொல்தான்.

கடற்கரைக்குப் போனபோது சட்டைப் பையில் போட்டிருந்தேன். வெளியே எடுத்து இயக்கியதும் 'கரக்' என்று ஒரு சத்தம். சோற்றில் கல் கடிபட்டால் உடம்பே கூசுமே, அப்படி. லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை. அணைத்து அணைத்துப் போட்டேன், ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் அதே 'கரக்'. வாங்கிப் பதினோராம் நாள். மணலால் வந்த பழுது உத்தரவாதத்தில் சேராது என்று சொல்லிவிட்டார்கள்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம் என்பதற்காகவே வாங்கிய கேமரா சட்டைப் பையிலேயே செத்துப்போனது. அதுதான் ஆறவில்லை. இப்போது வைத்திருப்பது ஒலிம்பஸ் டிஜி-6. 2019-இல் வந்தது, 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும். ஜூம் செய்தாலும் லென்ஸ் வெளியே நீளாது, எல்லாம் உடம்புக்குள்ளேயே நடக்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது.

பதிவு 3

என் அனுபவம் சின்னது. மகள் பள்ளி மேடையில் நடித்தாள், நான் பதினைந்தாவது வரிசையில் இருந்தேன். 30 மடங்கு ஜூம் உள்ள கேமரா, கடைசி வரை இழுத்து எடுத்தேன். வீட்டில் கணினியில் திறந்தால் அவள் முகம் ஈரத்தில் ஊறிய ஓவியம் மாதிரி இருந்தது. இமை எது, புருவம் எது என்று பிரிக்க முடியவில்லை. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நானாப்பா?" என்றாள்.

இனி மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேமரா வாங்கப் போனால் முதலில் சென்சார் அளவைக் கேளுங்கள், லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு அதுதான். சாதாரண காம்பாக்ட் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 அங்குலம் என்று சொல்லப்படும் சென்சார். அதன் அகலம் 6 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். மங்கலான இடத்தில் அதற்குக் கிடைக்கும் வெளிச்சம் போதாது. கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றும். ஏற்றினால் படமெங்கும் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அந்தப் புள்ளிகளைத் துடைக்கப் போய் இமையையும் சேர்த்துத் துடைத்துவிடும். என் மகள் முகத்துக்கு நடந்தது இதுதான்.

'1 அங்குலம்' என்று எழுதியிருக்கும் சென்சார் நிஜத்தில் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். பெயரில்தான் அங்குலம். ஆனாலும் பரப்பளவில் முன்னதைப் போல நான்கு மடங்கு. பைக்குள் போகும் உடம்பில் அதை வைத்துக் காட்டியது 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100, பேட்டரியோடு சேர்த்து 240 கிராம்தான். அதிலும்கூட, லென்ஸின் திறப்பைக் காட்டும் எஃப் எண் (எண் ஏறினால் வெளிச்சம் குறையும்) ஜூம் செய்யாதபோது 1.8 ஆக இருப்பது முழு ஜூமில் 4.9 ஆகிவிடும். அதாவது வெளிச்சம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. ஜூம் உள்ள பெரும்பாலான சின்னக் கேமராக்களில் கதை இப்படித்தான், எவ்வளவு குறைகிறது என்பதில்தான் வித்தியாசம். ஆகவே ஜூம் எத்தனை மடங்கு என்று கேட்பதைவிட, ஜூம் கடைசியில் எஃப் எண் எவ்வளவு என்று கேளுங்கள். 'டிஜிட்டல் ஜூம்' என்று தனியாகப் போட்டிருந்தால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள், அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான்.

மெகாபிக்சல் பற்றி ஒன்று. 2008-இல் வந்த கேனன் ஜி10-இல் 14.7 மெகாபிக்சல். அடுத்த ஆண்டு அதே வரிசையில் வந்த ஜி11-இல் 10. செய்கிறவர்களே ஏறிய படியில் இறங்கினார்கள் என்றால் அந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு 1 எழுதியவருக்கு: உங்கள் விஷயத்தில் குற்றம் மெகாபிக்சலில் இல்லை. பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். அப்புறம் மீதியை அழுத்தும்போது தாமதமே தெரியாது. அதைப் பழகியிருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்கும்.

பதிவு 4

முதல் பதிவு என்னுடையது. பதிவு 3-க்கு மட்டும் பதில்.

பாதி அழுத்துவது எனக்கும் தெரியும். சிரிப்பு வரப்போகிறது என்று தெரிந்தால்தானே பாதி அழுத்திக் காத்திருக்க முடியும்? அப்பா எப்போது சிரிப்பார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. 'பழகியிருந்தால் கிடைத்திருக்கும்' என்ற வரியைப் படித்துவிட்டு நேற்று முழுக்க ஒரு மாதிரியாக இருந்தது. நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதினீர்கள், சரி. ஆனால் தவறு என் விரலில் இல்லை.

அதற்கு அப்புறம் நான் ரிக்கோ ஜிஆர் வாங்கியது ஒரே ஒரு வசதிக்காக. அதில் ஃபோகஸ் தூரத்தை முன்கூட்டியே வைத்துவிடலாம். 2 மீட்டர் என்று வைத்து எஃப் 5.6-இல் விட்டால், சுமார் ஒன்றேகால் மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை தெளிவாக விழும். ஒரு அறைக்குள் அதற்கு மேல் என்ன வேண்டும்? பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா எதையும் தேடாது, உடனே எடுத்துவிடும். அதில் ஜூமே கிடையாது. இருக்கட்டும். தம்பி மகன் சிரித்த படங்கள் இப்போது நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

பதிவு 5

நான் கேட்க வந்தது வேறு. வாங்கிய கேமராவில் இன்னொருவரின் படங்கள் இருந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

சிசிடி என்ற பழைய வகைச் சென்சார் உள்ள கேமராக்களின் நிறம் பிடித்துப்போய், ஒருவர் பயன்படுத்திய கேமராவை வாங்கினேன். படங்களைச் சேமிக்க எக்ஸ்டி என்ற நினைவக கார்டு போடும் வகை. ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் சேர்ந்து 2002-இல் கொண்டுவந்து, பின்னால் கைவிட்டுவிட்ட கார்டு அது, 2 ஜிபிக்கு மேல் கிடையாது. கார்டு தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. அதற்குள் ஆசை தாங்காமல் கார்டு இல்லாமலே இயக்கினேன். அப்படி இயக்கினால் கேமராவுக்குள்ளேயே இருக்கிற குட்டி நினைவகத்தைக் காட்டும். அதில் 14 படங்கள்.

எல்லாமே ஒரு பழுப்பு நாய். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருக்கிறது, நமக்குத் தெரிவது முதுகும் ஒரு மடிந்த காதும். எடுத்தவர் ஒரே இடத்தில் நின்றுதான் எடுத்திருக்க வேண்டும். ஒன்றில் வெயில், ஒன்றில் மழை, ஒன்றில் இருட்டி ஜன்னல் கண்ணாடியில் ஃப்ளாஷ் தெறித்திருக்கிறது. 13 படத்திலும் முதுகு. பதினான்காவதில் மட்டும் திரும்பிப் பார்க்கிறது.

நான் என்ன செய்தேன் என்றால், பயன்படுத்திய கேமரா வாங்கினால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று எங்கோ படித்திருந்ததை அப்படியே செய்தேன். 'அழிக்கவா?' என்றது, ஆம் என்றேன். இரண்டு நொடி. அதற்குப் பிறகுதான், அந்த நாய் இப்போது இருக்கிறதா, விற்றவருக்கு இந்தப் படங்கள் உள்ளே இருப்பதே தெரியுமா என்றெல்லாம் யோசித்தேன். விற்றவரைத் தொடர்புகொள்ள வழியில்லை. நிறம் நான் நினைத்த மாதிரியே அழகாக வருகிறது. ஆனால் ஜன்னல் பக்கம் திருப்பினாலே அந்த முதுகு ஞாபகம் வருகிறது.

பதிவு 6

இந்தக் காலத்தில் கைபேசி போதாதா, எதற்குத் தனியாகக் கேமரா என்று என்னிடமும் பலர் கேட்டார்கள். என் பதில்: அம்மாவின் விரல்.

வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலும் சாம்பலிலும் வேலை செய்த விரல்கள். நுனி காய்ந்து மரத்துப்போயிருக்கும். தொடுதிரை அந்த விரலை விரல் என்றே ஏற்றுக்கொள்வதில்லை. அம்மா அழுத்துவார், ஒன்றும் நடக்காது, இன்னும் அழுத்துவார், படம் எடுப்பதற்குப் பதில் வேறு ஏதோ திறக்கும். "எனக்கு வராதுப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்காகத்தான் அழுத்தினால் உள்ளே போகிற நிஜப் பொத்தான் உள்ள சின்னக் கேமரா தேடினேன். சென்சார் அளவு என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முதல் நாள் அம்மா ஒரு படம் எடுத்துவிட்டு, கேமராவை முகத்துக்கு முன்னாலிருந்து எடுக்காமலே, "எடுத்துடுச்சா?" என்று கேட்டார். எடுத்துவிட்டது என்றேன். அடுத்ததற்கும் அதே கேள்வி. அதற்கடுத்ததற்கும். அப்புறம்தான் புரிந்தது, நான் எப்போதும் போல எல்லாச் சத்தத்தையும் அணைத்து வைத்திருந்தேன். ஷட்டர் ஒலியை முழு அளவில் வைத்துக் கொடுத்தேன். 'கிளிக்' என்றதும் அம்மா சட்டென்று கேமராவை இறக்கி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அந்த முகத்தை எடுக்கத்தான் என் கையில் கேமரா இல்லை.

பதிவு 7

பதிவு 6 சொல்வது முற்றிலும் சரி. பதிவு 3 சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. சென்சார் எவ்வளவு பெரிதானாலும், எடுப்பது கண்ணுக்குத் தெரிந்தால்தானே படம்?

மகனின் ஓட்டப்பந்தயம், உச்சி வெயில். கேமராவில் வியூஃபைண்டர் கிடையாது, பின்னால் திரை மட்டும். வெயிலில் அந்தத் திரையில் தெரிந்தது என் முகம்தான். குத்துமதிப்பாகப் பிடித்து 40 படம் எடுத்தேன். அவன் முதலாவதாக வந்து கோட்டைத் தொட்ட படத்தில் கால்கள் இருக்கின்றன, நிழல் இருக்கிறது, கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. மகனுக்கு இன்னும் காட்டவில்லை. கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்னத் துளையாவது உள்ள கேமரா என்றால்தான் இனி வாங்குவேன். கடைக்குள் இருக்கும்போது எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் தெரியும், வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

பதிவு 8

பதிவு 3 எழுதியவன். முதலில், பதிவு 4-இடம் மன்னிப்பு. அந்தக் கடைசி வரியை எழுதியிருக்கவே கூடாது. முன்கூட்டி வைக்கும் ஃபோகஸ் பற்றி நீங்கள் சொன்னதுதான் சரியான பதில்.

பதிவு 5-க்கு அவசரமாக ஒன்று. ஃபார்மட் என்பது பெரும்பாலும் படங்களின் பட்டியலை மட்டும்தான் அழிக்கும். வேறு படம் வந்து மேலே எழுதும் வரை பழையவை உள்ளேயே கிடக்கும். ஆகவே உங்கள் கேமராவில் கார்டு இல்லாமல் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கார்டைக் கழற்றிவிட்டு யூஎஸ்பி கம்பியில் கணினியோடு இணையுங்கள். சில கேமராக்கள் பென்டிரைவ் போலத் தனி டிரைவாகத் தெரியும். அப்படித் தெரிந்தால், அழிந்த படங்களை மீட்கும் மென்பொருளை அதன் மேல் ஓட்டலாம். மீட்ட படங்களைக் கணினியில் சேமியுங்கள், கேமராவிலேயே சேமித்துவிடாதீர்கள். கேமரா என்று மட்டும் தெரிந்து, படப் பட்டியலை மட்டும் காட்டினால் அந்த வழி நடக்காது. எந்த வகை என்று இணைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பதிவு 9

நான்தான், நாய்ப் படங்களை அழித்தவள். பதிவு 8-ஐ மூன்று தடவை படித்தேன். நல்லவேளை, ஃபார்மட் செய்த மறுநாளே கார்டு வந்துவிட்டது. அன்றிலிருந்து எடுத்ததெல்லாம் கார்டில்தான், உள்நினைவகத்தில் ஒன்றுகூட எடுக்கவில்லை. கேமராவோடு கம்பி வரவில்லை, அதன் முனை வேறு மாதிரி இருக்கிறது. நாளைக்குத் தேடிப் பார்க்கிறேன். கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன். அதுவரை கார்டைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டேன், கேமராவை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.