வைட் ரிசீவர்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

ஜெரி ரைசைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கக் கால்பந்தில் வைட் ரிசீவராக, அதாவது எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவராக, ஆடியவர்களில் அவருக்கு மேல் இன்னொருவர் பெயரைச் சொல்வது கடினம். 1985 முதல் 2004 வரை 20 பருவங்கள், 1,549 பிடிகள், அவற்றால் முன்னேறிய தூரம் 22,895 கெஜம். இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17,492 கெஜத்தோடு நின்றுவிட்டார். எண்களை எழுதுவதில் எனக்குச் சிக்கல் இல்லை. "ஜெரி ரைஸ் ஒரு..." என்று தொடங்கும் முதல் வாக்கியத்தைத்தான் முடிக்க முடியவில்லை.

சொல்லுக்குச் சொல் வைத்தால் 'அகலப் பெறுநர்' என்று வருகிறது. பள்ளியில் கடிதம் எழுதப் பழகிய யாருக்கும் இதைப் படித்தால் தபால் உறைதான் நினைவுக்கு வரும், அதுவும் சற்றுப் பருமனான ஒருவருக்கு வந்த தபால். 'ஓரப் பிடிப்பாளர்' என்று ஒன்றை யோசித்து வைத்திருக்கிறேன். களத்தின் அகலம் 53 கெஜத்துக்குச் சற்று அதிகம். இவர் ஓரக்கோட்டை ஒட்டித்தான் நிற்கிறார். 'பிடிப்பர்' என்று இன்னும் சுருக்கலாமா? கருத்துச் சொல்லுங்கள்.

———

தம்பிக்கு வணக்கம்.

இலங்கை வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்களுக்குத் துடுப்பாட்டம், பந்துவீச்சு, களத்தடுப்பு எல்லாம் அன்றாடச் சொற்கள். பந்தைக் கையில் எடுப்பதற்குப் 'பிடி' இருக்கிறது. அதை இந்த ஆட்டத்துக்கும் கொண்டுபோவதில் தடையில்லை. 'பிடிப்பர்' மட்டும் வேண்டாம். அது வினைமுற்று. "ரைஸ் சிறந்த பிடிப்பர்" என்று எழுதினால், எதைப் பிடிப்பர், எப்போது பிடிப்பர் என்று வாசகர் காத்திருப்பார்.

ஆனாலும் பெறுநரை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் அனுப்புநர், இவர் பெறுநர். ரைசின் அணியில் ஜோ மொன்டானா அனுப்பினார், ரைஸ் பெற்றார். கடித முறை அப்படியே பொருந்துகிறதே?

———

ஐயா, தம்பி, இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். சற்று நீளும்.

> கடித முறை அப்படியே பொருந்துகிறதே?

பொருந்தாது, ஐயா. பெறுநர் வீட்டில் இருப்பார், கடிதம் தேடி வரும். இங்கே பந்து புறப்படும்போது அது விழப்போகிற இடத்தில் பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள். குறித்த நொடியில் ரைஸ் அங்கே வந்து சேர்வார் என்று நம்பித்தான் மொன்டானா எறிகிறார். ஓரடி தவறினால் பந்து எதிரணியின் கைக்குப் போகும். ஆகவே இவருடைய வேலையில் பாதி, பந்து வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்த ஓட்டப் பாதைக்கு 'ரூட்' என்று பெயர். 'தடம்' என்று வைத்துக்கொள்வதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. ரைசைவிட நேர் ஓட்டத்தில் வேகமானவர்கள் பலர் இருந்தார்கள். அவருடைய ஒவ்வொரு தடமும் தொடக்கத்தில் ஒரே மாதிரித் தோன்றும், எங்கே திரும்புவார் என்பது தடுப்பவருக்குத் தெரியாது. அதில்தான் அவர் வென்றார். பிடியோ அவருக்கே ஆரம்பத்தில் சரியாக அமையவில்லை. மிசிசிப்பியில் கொத்தனாராக இருந்த தந்தைக்கு உதவியாகச் செங்கல்லைப் பிடித்துப் பழகிய கைகள் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. அந்தக் கைகள்தாம் 1985இல், முதல் பருவத்தில், பந்தை மறுபடி மறுபடி நழுவவிட்டன. சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டார்கள்.

> இவர் ஓரக்கோட்டை ஒட்டித்தான் நிற்கிறார்

எப்போதும் இல்லை. ஓரத்தில் நிற்பவருக்கும் நடுவரிசைக்கும் இடையிலுள்ள வெளியில் ஒருவரை நிறுத்துவார்கள். 'ஸ்லாட்' என்கிற அந்த இடத்தில் ரைசும் நின்றிருக்கிறார். அப்போதும் அவர் வைட் ரிசீவர்தான். 'ஓரப் பிடிப்பாளர் ஓரத்தில் இல்லை' என்று எழுதும் நிலை வந்தால் கட்டுரை கேலிக்கூத்தாகிவிடும்.

இந்த 'வைட்' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வழி கிடைக்கிறது. முன்னோக்கி எறிவதே 1906இல்தான் விதியில் ஏறியது. 11 பேரில் குறைந்தது 7 பேர் ஆட்டம் தொடங்கும் கோட்டில் வரிசையாக நிற்கவேண்டும்; அந்த வரிசையின் இரு கடைசி ஆட்களுக்கும் கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் மட்டுமே எறியைப் பிடிக்க உரிமை. பழைய நாட்களில் அந்தக் கடைசி ஆள் வரிசையோடு தோள் உரச நின்றார். பெயரும் வெறும் 'எண்ட்'. 1935 முதல் 1945 வரை கிரீன் பே அணிக்கு ஆடிய டான் ஹட்சன், கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்க்கும் டச்டவுன் பிடிகள் 99 எடுத்தார். 1989 வரை அதை ஒருவராலும் முறியடிக்க முடியவில்லை. அவர் பெயரும் அன்று 'எண்ட்'தான். பின்னாளில் அந்தக் கடைசி ஆள் வரிசையை விட்டு விலகி நிற்பது வழக்கமாயிற்று. அவர் விலகினால் அவரைக் காக்க ஒருவர் கூடவே போகவேண்டும், நடுவில் கூட்டம் குறையும். இங்கே 'வைட்' என்பது ஆளின் அளவும் இல்லை, களத்தின் அளவும் இல்லை. வரிசையை விட்டு விலகி நிற்பதைக் குறிக்கிறது.

விலகுவதையும் விரிவதையும் ஒரே வேரில் சொல்லத் தமிழில் 'அகல்' இருக்கிறது. அகன்ற சாலை என்கிறோம், இடத்தை விட்டு அகன்றான் என்கிறோம். 'அகல' என்று பெயரடையாக வைக்கும்போதுதான் பருமன் தொற்றிக்கொள்கிறது. வினைத்தொகையாக்கி 'அகல்நிலைப் பிடிப்பாளர்' என்றால் அந்தத் தொல்லை போய்விடும். வரிசையை ஒட்டியே நிற்கும் டைட் எண்டுக்கு 'அணுகுநிலைப் பிடிப்பாளர்' என்று இணைச்சொல்லும் கிடைக்கிறது. ஒரு சொல்லை மட்டும் தனியாக ஆக்கிவிட்டுப் பக்கத்து ஆளுக்குத் திண்டாடும் வழக்கம் நமக்கு உண்டு. அது இங்கே நேராது.

———

மிக்க நன்றி. எழுதிப் பார்த்தேன்.

"அகல்நிலைப் பிடிப்பாளர் ஜெரி ரைசை, அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் 1985ஆம் ஆண்டுத் தேர்வில் சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் 16ஆவதாக எடுத்தது. அதற்கு முன்பு 13ஆவது தேர்வில் சின்சினாட்டி, எடி பிரவுன் என்ற வேறோர் அகல்நிலைப் பிடிப்பாளரை எடுத்திருந்தது. 1989 ஜனவரியில், இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் அதே சின்சினாட்டிக்கு எதிராக ரைஸ் 11 பிடிகளில் 215 கெஜம் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார்."

பழிவாங்கல் கதை மாதிரி வந்துவிட்டது; அதில் எனக்கு வருத்தமில்லை. சொல்லும் இடறவில்லை. அகல் என்றதும் கார்த்திகை விளக்கு நினைவுக்கு வருகிறதே என்று வீட்டில் கேட்டார்கள். 'நிலை' கூட இருப்பதால் யாரும் எண்ணெய் ஊற்றமாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஆட்டத்தின் முடிவு, பெறுநரை நான் விட்டுவிட இன்னொரு காரணம். 34 நொடி மீதமிருக்கும்போது வெற்றிக்கான பந்தைப் பிடித்தவர் ஜான் டெய்லர். பந்து எறியப்படுவதற்கு முன்பே ரைஸ் பக்கவாட்டில் நகர்ந்து தடுப்பவர்களின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்தார். அந்த முறை அவர் எதையும் பெறவில்லை, பிடிக்கவும் இல்லை; அகன்று போனதுதான் அவருடைய பங்கு. பிந்திய காலத்தைப் பற்றிய பகுதியிலும் சொல் ஓடுகிறது. 1997 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. டிசம்பரில் அவசரமாகத் திரும்பி முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் 2002இல் ஓக்லண்ட் அணியில், 40 வயதில், 1,211 கெஜம் எடுத்த அகல்நிலைப் பிடிப்பாளர் அவர்.

நீளம் மட்டும் உறுத்துகிறது. கட்டுரையில் முதலில் வருமிடத்தில் முழுதாகவும், பிறகு 'அகல்பிடிப்பாளர்' என்றும் எழுதலாமா?

———

முழுச்சொல்லை ஏற்றுக்கொள்கிறேன், பெறுநரைக் கைவிடுகிறேன். 'அகல்பிடிப்பாளர்' வேண்டாம், தம்பி. 'நிலை' போனவுடன் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்துவிடுகிறார். இரண்டாம் முறை வெறும் 'பிடிப்பாளர்' போதும். டைட் எண்டும் அதே பத்தியில் வந்தால் மட்டும் முழுதாக எழுதுங்கள்.

டச்டவுனுக்குத் 'தரைதொடல்' என்று யாரோ முன்பு சொன்னது நினைவிருக்கிறது. இந்த ஆட்டத்தில் பந்து தரையைத் தொடவேண்டியதே இல்லை, கோட்டைத் தாண்டினால் போதும். ஆகவே கட்டுரையில் 'டச்டவுன்' என்றே விட்டுவிடுங்கள். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். இதிலேயே தொடர்ந்தால் தலைப்பு குழம்பிவிடும்.