எல்ம் மரத்தில் ஒரு கொப்பு மட்டும் காயுது, மரத்தைக் காப்பாற்றலாமா?

வணக்கம். கனடாவில், டொராண்டோ ஸ்காபரோவில் எங்கட பின்வளவில் நிக்கிற அமெரிக்க எல்ம். அடிமரம் 45 செ.மீ. விட்டம். ஜூன் நடுப்பகுதியில் இருந்து உச்சிப் பக்கத்து ஒரு கொப்பில் மட்டும் இலை மஞ்சளாகி, சுருண்டு, மண்ணிறமாகி, உதிராமல் தொங்குது. மற்றக் கொப்பெல்லாம் நல்ல பச்சை.

வறட்சியாக்கும் எண்டு ஆழமாத் தண்ணி விட்டுப் பாத்தன், மாற்றமில்லை. இலையில் புழு, முட்டை ஒண்டும் இல்லை. காயுற கொப்பில் ஒரு சுள்ளியை முறிச்சுப் பட்டையைச் சீவினால், உள்மரத்தில் நீளவாட்டில் கடும் மண்ணிறக் கோடுகள். டச்சு எல்ம் நோயெண்டுதான் பயம் (பட்டை வண்டு காவிக்கொண்டு வாற, எல்ம் மரத்தைக் கொல்லுற பூஞ்சை நோய்). ஆய்வுகூடத்துக்குத் துண்டு அனுப்பியாச்சு, முடிவு இன்னும் வரேல்லை. வந்து பாத்த மரம் வெட்டுறவர் முழுசா வெட்டச் சொல்லுறார் (அவருக்கு அதுதானே தொழில்). 30 செ.மீ.க்கு மேல எண்டபடியால் அதுக்கு மாநகரசபை அனுமதியும் வேணும். கொப்பை மட்டும் இப்ப வெட்டினால் புதுக் காயத்தின்ர மணத்துக்குப் பட்டை வண்டு வருமெண்டு கை வைக்கேல்லை. வேலிக்கு அங்கால பக்கத்து வீட்டு எல்மும் நிக்குது. வேர் பிணைஞ்சிருந்தால் அதுக்கும் தொத்தும்.

இந்தக் கட்டத்தில், நோய்க் கொப்பைக் கோடில்லாத நல்ல மரம் வரைக்கும் வெட்டி எடுத்து, அடிமரத்தில் பூஞ்சைக்கொல்லி ஊசி போட்டு, ஆருக்காவது எல்ம் தப்பியிருக்கா?