பழைய ஃபிரிட்ஜைக் காயலான் கடைக்குக் கொடுக்கலாமா?

வில்லிவாக்கம் மாலதி:
அப்பாவின் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். 2005-இல் வாங்கிய ஃபிரிட்ஜ், அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி, 2011-க்குப் பிறகு கிடைத்த மிக்சி, ஒரு மேசை விசிறி ஆகியவை மிச்சமிருக்கின்றன. ஃபிரிட்ஜுக்குப் பணம் தருவதாகக் கூறும் தெருமுனைக் காயலான் கடைக்காரர், டிவியில் செம்புச் சுருளை மட்டும் கழற்றிக்கொண்டு கண்ணாடிப் படக்குழாயை இங்கேயே விட்டுவிடுவதாகச் சொல்கிறார். அவரிடம் கொடுப்பது முறைதானா?

செல்வம், ஏசி மெக்கானிக்:
கொடுத்துவிடுங்கள் அம்மா. வீடு தேடி வந்து, பணமும் கொடுத்து, படியிறக்கித் தூக்கிச் செல்பவர் அவர் ஒருவரே. இரும்பு, செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் என்று அவர் பிரிப்பதில் பெரும்பகுதி மீண்டும் உருக்குவதற்கே போகிறது. மறுசுழற்சி என்ற சொல் நம் காதில் விழுவதற்கு முன்பிருந்தே அவர்கள் அதைச் செய்துவருகிறார்கள்.

கயல்விழி, பொறியாளர்:
செல்வம் ஐயா சொல்வது இரும்புக்குப் பொருந்தும், ஃபிரிட்ஜுக்குப் பொருந்தாது. அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் குளிரூட்டுவதற்காக ஆர்-134ஏ என்ற கேஸ் இருக்கும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 1430 மடங்கு வெப்பமூட்டக் கூடியது என்பதால், கடைக்காரர் கம்ப்ரஸரைக் கழற்றக் குழாயை வெட்டும்போது நூறு கிராம் வெளியேறினாலே, ஏறத்தாழ 60 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஈடாகிவிடும். பெட்டியின் சுவர்களுக்குள் வெப்பம் புகாமல் தடுக்கும் நுரை வேறு இருக்கிறது. பழைய பெட்டிகளின் நுரையை உப்பவைக்க ஆர்-141பி என்ற வேதிப்பொருள் பயன்பட்டது. ஓசோனைக் கெடுக்கும் அந்தப் பொருளை இந்தியா 2020 ஜனவரியில்தான் முற்றாக நிறுத்தியது. நுரையை உடைத்துக் குப்பையில் எறிந்தால் அதுவும் மெல்லக் கசியும்.

டிவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் கண்ணாடிக் குழாயின் பின்பகுதியில் ஈயம் கலந்திருக்கிறது. உள்ளே வெற்றிடம் என்பதால் உடைத்தால் சில்லுகள் பறக்கும். குழாயை விட்டுவிட்டுச் செம்பை மட்டும் எடுப்பது என்றால், விற்கக்கூடியதை அவர் வைத்துக்கொண்டு விஷத்தை உங்களிடம் விடுகிறார் என்றே பொருள்.

செல்வம், ஏசி மெக்கானிக்:
கேஸ் பற்றி நீங்கள் எழுதியதை நான் மறுக்கவில்லை. இருபது ஆண்டுகளாக நானே குழாயை வெட்டிக் காற்றில் விட்டிருக்கிறேன். கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கும் இயந்திரத்தைச் சிறிய கடை வைத்திருப்பவர் வாங்குவது எளிதல்ல. ஆனால் ஒற்றை ஃபிரிட்ஜுக்காக எந்த மறுசுழற்சி ஆலை வில்லிவாக்கத்துக்கு வண்டி அனுப்பும்? புதிதாக வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பெட்டி, பழைய பொருள் வாங்குபவரின் கிடங்குக்கே போய்ச் சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படியிருக்க, வயிற்றுப்பாட்டுக்காக உழைக்கும் காயலான் கடைக்காரரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

கயல்விழி, பொறியாளர்:
அவரைக் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. கம்பியின் பிளாஸ்டிக் உறையை எரித்துச் செம்பு எடுக்கும் இடத்தில் எழும் புகையில் டையாக்சின் என்ற நச்சு உண்டு. அதை முதலில் சுவாசிப்பவர் அங்கே வேலை செய்யும் மனிதரும் அவருடைய பிள்ளைகளுமே. அவர்மீது உள்ள அக்கறையால்தான் எதிர்க்கிறேன்.

சட்டப்படி பொறுப்பு தயாரிப்பாளருடையது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் 106 வகைச் சாதனங்களை உள்ளடக்குகின்றன. மாலதி அம்மா குறிப்பிட்ட நான்கும் அவற்றுள் அடங்கும். ஆகவே அந்தந்த நிறுவனத்தின் இலவசத் தொலைபேசி எண்ணை அழைத்து, பழைய பொருளைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டைக் கேட்பதே முதல் வழி.

சட்டம் படிப்பவர்:
இரண்டு தரப்பும் ஒன்றைக் கவனிக்கவில்லை. இந்த விதிகளின்படி உற்பத்தி ஆலை, தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் என்ற நான்கு தரப்பினரே பதிவு செய்துகொள்ள வேண்டும். வீடு வீடாகச் சேகரிப்பவருக்கு அங்கே இடமில்லை. தயாரிப்பாளர் தன் பொறுப்புக்குக் கணக்குக் காட்ட ஆலையிடம் வாங்கும் மறுசுழற்சிச் சான்றிதழும் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய நான்கு உலோகங்களின் கணக்கிலேயே உருவாகிறது. ஈயக் கண்ணாடிக்கும் நுரைக்கும் அந்தக் கணக்கில் மதிப்பில்லாதபோது, அவற்றைத் தேடி யாரும் வராததில் வியப்பென்ன? கடைக்காரரையும் ஆலையையும் எதிரெதிரே நிறுத்துவதைவிட, அவர் உடைக்காமல் முழுதாகச் சேர்த்து ஆலைக்கு விற்கும்படி விலை அமைய வேண்டும் என்று கேட்பதே பொருத்தம்.

செல்வம், ஏசி மெக்கானிக்:
இதை முழுமனதோடு ஏற்கிறேன். முழு ஃபிரிட்ஜுக்கு ஆலை நல்ல விலை கொடுத்தால் குழாயை வெட்ட யாருக்கும் அவசியம் வராது. மிக்சியையும் விசிறியையும் பற்றி ஒன்று சொல்லவேண்டும்: கழிவு என்று முடிவு செய்வதற்கு முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கார்பன் பிரஷ் மாற்றினாலோ, மோட்டாருக்குப் புதிதாகச் சுருள் கட்டினாலோ இன்னும் பல ஆண்டுகள் ஓடக்கூடும்.

கயல்விழி, பொறியாளர்:
அந்த இரண்டிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேஸும் ஈயக் கண்ணாடியும் இல்லாத அவற்றை, பழுது நீங்காவிட்டால், கம்பியை எரிக்காத கடைக்காரரிடம் கொடுப்பதைக்கூட நான் தடுக்கமாட்டேன். ஃபிரிட்ஜையும் டிவியையும் மட்டும் எந்த விலைக்கும் கொடுக்கவேண்டாம் என்பதில் மாறமாட்டேன். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியலை வெளியிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலைகளை அதில் பார்க்கலாம். அழைக்கும்போது வண்டி வருமா என்பதோடு, கேஸை உறிஞ்சி எடுக்கும் வசதி உண்டா, குழாய் டிவியை ஏற்பார்களா என்ற இரண்டையும் கேளுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வில்லிவாக்கம் மாலதி:
அனைவருக்கும் நன்றி. மிக்சியையும் விசிறியையும் நாளை மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறேன். எங்கள் தெருவிலேயே இன்னும் ஐந்து வீடுகளில் அதே அரசு டிவி பரணில் இருப்பதாகத் தெரிகிறது. ஒற்றை வீட்டுக்கு வண்டி வராது என்று செல்வம் ஐயா சொன்னதால், ஆறு டிவிகளையும் எங்கள் ஃபிரிட்ஜையும் ஒரே நாளில் எடுத்துச்செல்ல முடியுமா என்று ஆலையைக் கேட்கப்போகிறேன். கடைக்காரரிடமும் பேசினேன், உடைக்காமல் இறக்கிவைத்தால் சுமைக்கூலி தருவதாகச் சொன்னதற்கு அவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.