புளோரிடா அலாரம் கான்ட்ராக்டர் லைசென்ஸ் தேர்வு: எப்படிப் படிக்கிறது?

தாம்பாவாசி:
டெக்னீஷியனா எட்டு வருஷம் வயர் இழுத்தாச்சு. இனி சொந்தமா எடுத்துச் செய்யணும். லைசென்ஸ்ல இஎஃப், இஜின்னு ரெண்டு வகை இருக்கே, இஎஃப் எழுதணுமா, இஜி போதுமா? புத்தகம் பார்த்தே எழுதலாமாமே, அப்போ சுலபம்தானே?

கம்பிக்காரன்:
தம்பி, ஃபயர் அலாரமும் செய்யணும்னா இஎஃப்தான். இஜியில அது வராது.

சுலபம்னு மட்டும் நினைச்சிடாதீங்க. அப்படி நம்பித்தான் முதல் தடவை நான் கோட்டை விட்டேன். ஃபயர் அலாரம் விதிகள் இருக்கிற என்எஃப்பிஏ 72 புத்தகத்தைப் புரட்டிப் புரட்டியே நேரம் போச்சு. அடுத்த தடவை, ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அதே மேசையில புத்தகத்தை விரிப்பேன். வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லுவா, "புல் ஸ்டேஷன் உயரம்"னு (தீப்பிடிச்சா கையால இழுத்து அலாரம் அடிக்கிற சுவர்ப் பெட்டி). 42-லிருந்து 48 அங்குலம்னு எனக்கு மனப்பாடம்தான், ஆனாலும் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினாத்தான் விடுவா. அந்தப் பழக்கம்தான் என்னைக் கரையேத்துச்சு.

பேட்டரி கணக்கைக் கையால போட்டுப் பழகுங்க. ஸ்டாண்ட்பை (அலாரம் அடிக்காம சும்மா காத்திருக்கிற நேரம்) 0.3 ஆம்பியர், 24 மணி நேரம்: 7.2 ஆம்பியர்-அவர். அலாரம் 1.2 ஆம்பியர், 5 நிமிஷம்: 0.1. மொத்தம் 7.3, நான் எழுதினப்போ இருந்த விதிப்படி பாதுகாப்புக்காக அதோட 20 சதவீதம் கூட்டினா 8.76. அந்த 20-ஐ மறந்தா 8 ஆம்பியர்-அவர் பேட்டரியே போதும்னு தோணும், விடை தப்பாயிடும்.

ஆர்லாண்டோ அக்கா:
பிசினஸ் பகுதியையும் படிங்க தம்பி. லீன் சட்டத்துல (கூலி வராட்டா வேலை செஞ்ச சொத்து மேல உரிமை கோர்ற சட்டம்) நோட்டீஸ் டு ஓனருக்கு, அதாவது சொத்துக்காரருக்கு அனுப்புற அறிவிப்புக்கு, வேலை தொடங்கினதிலிருந்து 45 நாள், லீன் பதிய வேலை முடிஞ்சதிலிருந்து 90 நாள். வேலைக்குப் பணம் வராம நின்னப்போ எனக்குக் கைகொடுத்தது இந்தப் படிப்புதான்.

தாம்பாவாசி:
நன்றி அண்ணா, அக்கா. இஎஃப்தான். இன்னைக்கு ராத்திரியே மேசையை ஒழிச்சு வைக்கிறேன்.