ஸ்பெக்ட்ரோமீட்டரில் கோடு திரும்பி வந்தது, இன்னும் மறக்கவில்லை. முப்பட்டகத்தோடு (பிரிசம்) உங்கள் அனுபவம்?

நெல்லைக்காற்று:
பிளஸ் டூ பிராக்டிக்கல் செய்தவர்களுக்குத் தெரியும். சோடியம் விளக்கு, 60 டிகிரி முப்பட்டகம், டெலஸ்கோப்பில் ஒற்றை மஞ்சள் கோடு. முப்பட்டகம் வைத்த மேடையைத் திருப்பத் திருப்ப கோடு ஒரே பக்கமாக நகர்ந்து போகும், ஓர் இடத்தில் நிற்கும், அப்புறம் நான் அதே பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கும்போது அது வந்த வழியே திரும்பிப் போகும்! ஏன் என்று கேட்டதற்கு "அதுதான் சிறும திசைமாற்றக் கோணம், ரீடிங் எடு" என்று மட்டும் சொன்னார்கள். அதாவது ஒளி மிகக் குறைவாகத் திசை மாறும் நிலை. ரெக்கார்டில் ஒளிவிலகல் எண் (கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) 1.5 சொச்சம் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று. அந்தக் கோடு நின்ற கணம்தான் இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

தடித்தகண்ணாடி:
எனக்கு லேபில் இல்லை, பஸ் ஸ்டாண்டில். பவர் அதிகம், மெலிதாக இருக்கட்டும் என்று கடையில் பாலிகார்பனேட் லென்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். அன்று ராத்திரி ஊர்ப் பெயர்ப் பலகையை ஓரக்கண்ணால் பார்த்தால் ஒவ்வொரு வெள்ளை எழுத்துக்கும் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு. தலையைத் திருப்பி நேராகப் பார்த்தால் காணோம். கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்தே போனேன். அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது: லென்ஸின் ஓரம் முப்பட்டகம் போலவே ஒளியை வளைக்கும், நிறங்களையும் பிரிக்கும். எவ்வளவு பிரிக்கும் என்பதை அபே எண் சொல்லும், குறைய குறையப் பிரிப்பு அதிகம். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸுக்கு 58, பாலிகார்பனேட்டுக்கு 30. விற்கும்போது ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

மாடிவீடு:
முப்பட்டகமே வேண்டாம், பழைய சிடி போதும், அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. மாடியில் என் மகள் சிடியை லேசாகச் சாய்த்தபோது கூரை முழுக்க வண்ணம் ஓடியது. அவள் அதைப் பிடிக்கத் தாவினாள்.

ஆய்வகத்தூண்:
மாடிவீடு, காட்சி அழகுதான், ஆனால் அது அதே வேலை இல்லை. சிடியில் சுமார் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் தடங்கள் இருக்கின்றன, அங்கே நடப்பது விளிம்பு விளைவு, அதாவது நெருக்கமான தடங்களில் பட்டு ஒளி அலைகள் விலகிப் பரவுவது, அதில் சிவப்புதான் அதிகம் விலகும். முப்பட்டகத்தில் அதற்கு நேர்மாறு. கண்ணாடிக்குள் ஊதாவின் வேகம் சிவப்பைவிட இன்னும் குறைகிறது, அதனால் ஊதா அதிகம் வளைகிறது. கிரவுன் என்கிற சாதாரணக் கண்ணாடியில் ஒளிவிலகல் எண் சிவப்புக்கு 1.51, ஊதாவுக்கு 1.53. இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் மொத்த வண்ணப்பட்டையும் இருக்கிறது.

நெல்லைக்காற்று, உங்கள் கோட்டுக்கு வருகிறேன். ஒளி போன பாதையிலேயே திரும்பி வர முடியும். நுழையும் கோணத்தையும் வெளியேறும் கோணத்தையும் இடம் மாற்றினாலும் மொத்தத் திசைமாற்றம் அதேதான். அதனால் ஒவ்வொரு திசைமாற்றத்துக்கும் இரண்டு நுழையும் கோணங்கள் உண்டு, நுழையும் கோணமும் வெளியேறும் கோணமும் சமமாகிற இடத்தில் மட்டும் ஒன்று, அங்கேதான் திசைமாற்றம் மிகக் குறைவு. கோடு நின்று திரும்பியது அங்கேதான்.

என் அனுபவம் சின்னது. கல்லூரியில் மெர்க்குரி விளக்கு. வெறும் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த அந்த ஒளியை முப்பட்டகம் வழியே பார்த்தால் ஊதா, நீலம், பச்சை, மஞ்சள் என்று தனித்தனிக் கோடுகள், நடுவில் கும்மிருட்டு. வெள்ளை என்றால் எல்லா நிறமும் இருக்கும் என்று அதுவரை நம்பியிருந்த எனக்கு அந்த இருட்டுதான் இன்றும் கண்ணில் நிற்கிறது.

சாக்பீஸ்:
வகுப்பில் பச்சையை மட்டும் அட்டை ஓட்டை வழியே விட்டு இரண்டாவது முப்பட்டகத்தில் செலுத்தினோம், பச்சையாகவே வந்தது. ஒரு பெண் தன் சிவப்பு ரிப்பனை அந்தப் பச்சையில் காட்டினாள், கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது! வகுப்பே கத்தியது.

வீட்டில் செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஜன்னலை அடைத்து அட்டையில் 2 மில்லிமீட்டர் பிளவு போடுங்கள். பிளவு அகலமானால் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும், நடுவில் வெள்ளையும் ஓரத்தில் மட்டும் வண்ணமும் கிடைக்கும், "முப்பட்டகம் சரியில்லை" என்று பலர் புலம்புவது இதனால்தான். முப்பட்டகத்தை மெல்லத் திருப்பி, பட்டை நின்று திரும்புகிற இடத்தில் வையுங்கள். சுவர் தள்ளி இருக்கட்டும். கிரவுன் கண்ணாடியில் சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடையே ஒன்றரை டிகிரிதான், 2 மீட்டரில் 5 சென்டிமீட்டர். பிளின்ட் கண்ணாடி கிடைத்தால் இதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் விரியும். நியூட்டன் 22 அடி தள்ளியிருந்த சுவரில் விழவிட்டார், பட்டை அகலத்தைப் போல் ஐந்து மடங்கு நீளம் என்று 1672-இல் எழுதினார். சிறிய அறையில் அந்த நீளத்தை எதிர்பார்க்காதீர்கள். சூரியனை முப்பட்டகம் வழியே நேராகப் பார்க்கவே கூடாது, பிள்ளைகள் இருந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

தடித்தகண்ணாடி, உங்களுக்கும் ஒன்று: சின்ன பிரேம் வாங்குங்கள்.

தடித்தகண்ணாடி:
சின்ன பிரேம்தான் போட்டிருக்கிறேன் சார். டிரைவெக்ஸ் லென்ஸில் அபே எண் 43-க்கு மேல் என்கிறார்கள், அதிக பவருக்கு அதைப் போட்டவர் யாராவது இருந்தால் ராத்திரியில் எழுத்து எப்படித் தெரிகிறது என்று சொல்லுங்கள்.