கம்போடியா அநாதை இல்லத்துக்குப் பத்து நாள் மிஷன் பயணம்: போகலாமா?

மார்த்தாண்டம் வாலிபன்:
எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் 12 பேர் டிசம்பரில் கம்போடியா போகிறோம். சியம் ரீப் பக்கம் ஒரு அநாதை இல்லம், பத்து நாள். பாட்டு, விளையாட்டு, வேதபாடம், துணிமணி கொடுப்பது, இவ்வளவுதான். ஆளுக்கு ஒரு லட்சம் கிட்ட ஆகும், பாதி காணிக்கையில் வருகிறது. எங்கள் குழுவிலேயே ஒரு அக்கா இது வேண்டவே வேண்டாம் என்று நிற்கிறார். திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லுகிற யாக்கோபு 1:27 வாசித்தவர்கள் எப்படி வேண்டாம் என்று சொல்கிறார்கள்?

குளச்சல்காரன்:
அக்கா சொல்வதுதான் சரி தம்பி. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் நடுவில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அப்போது அங்கே போரும் இல்லை, பஞ்சமும் இல்லை, வந்து குவிந்தது வெளிநாட்டுப் பயணிகள்தான். இல்லப் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெப்பே சொல்லிவிட்டது. படிக்க வைக்கிறோம் என்று கிராமத்தில் இருந்து கூட்டிவந்து, ராத்திரியில் டூரிஸ்டுகள் முன்னால் ஆடவிட்டு உண்டியல் நீட்டின இல்லங்கள் உண்டு. உங்கள் 12 லட்சம் போனால் அடுத்த வருஷம் அங்கே இன்னும் நாலு கட்டில் போடுவார்கள், கட்டில் போட்டால் பிள்ளை தேட வேண்டாமா?

கருங்கல் நர்ஸ்:
அண்ணே, எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். நான் புனோம் பென்னில் தெருப்பிள்ளைகள் நடுவில் வேலை செய்திருக்கிறேன். குப்பையில் பாட்டில் பொறுக்குகிற பிள்ளைகள், போதைக்காகப் பசை முகர்கிற பையன்கள். பகலில் வந்து குளித்து, சாப்பிட்டு, புண்ணுக்கு மருந்து போட்டுப் போக ஒரு இடம், ராத்திரி வீடு இருக்கிறவன் வீட்டுக்குப் போவான். அங்குள்ள சபை நர்ஸ் வேண்டும் என்று கேட்டது, போனோம், அவர்கள் ஆட்களுக்கே சிரங்கு வைத்தியமும் கட்டுப் போடுவதும் சொல்லிக் கொடுத்தோம். இதுவும் தப்பா?

குளச்சல்காரன்:
அது வேலை. இவர்கள் போவது கிட்டார் எடுத்துக்கொண்டு. சுனாமிக்கு அப்புறம் எங்கள் கடற்கரைக்கும் வந்தார்கள், பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, போட்டோ எடுக்கிறவரை பிரிக்கவிடாமல் வரிசையில் நிறுத்தினார்கள். ஒரு வாரம் மடியில் தூக்கிவைத்துக் கொஞ்சிவிட்டுப் போய்விடுவார்கள், அடுத்த கூட்டம் வரும். அந்தப் பிள்ளை யாரைத்தான் நம்பும்?

மயிலாடி மைந்தன்:
எல்லாரும் இப்படியே யோசித்திருந்தால் 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே எங்கள் ஊருக்கு வந்திருப்பாரா? நெய்யூர் ஆஸ்பத்திரி உண்டா? ஸ்காட் காலேஜ் உண்டா? வெள்ளைக்காரன் இங்கே வந்தால் ஊழியம், நாம் வெளியே போனால் சுற்றுலாவோ!

தக்கலை ரப்பர்:
நல்ல ஆளை இழுத்தீர்கள். ரிங்கல்தௌபே இங்கே பத்து வருஷம் கிடந்தவர். அவருக்குப் பின் மிஷனரி மீட் 1817இல் வந்தார், தமிழ் படித்தார், 1873இல் திருவனந்தபுரத்தில் செத்தார். இரண்டு பேரும் ரிட்டர்ன் டிக்கெட்டோடு வரவில்லை. இன்னொன்று, நம் ஊர் ஹாஸ்டலுக்குள் மொழி தெரியாத 12 அந்நியர்கள் புகுந்து உங்கள் மகளைத் தூக்கிவைத்து ஃபேஸ்புக்கில் போட்டால் விடுவீர்களா? இங்கே 2015 சிறார் நீதிச் சட்டப்படி பதிவு இல்லாமல் பிள்ளைகள் இல்லம் நடத்தவே கூடாது. ஆஸ்திரேலியாவில் 2018இலேயே அநாதை இல்லத்துக்குப் பிள்ளை கடத்துவதை நவீன அடிமைத்தனத்தோடு சேர்த்துப் பேசிவிட்டார்கள். நாம் இன்னும் கேக் வெட்டப் போகிறோம்.

மார்த்தாண்டம் வாலிபன்:
டிக்கெட் போட்டாச்சு அண்ணே, இப்போது என்ன செய்ய? போதகரிடம் போய் ரத்து செய்யுங்கள் என்று நான் சொல்ல முடியுமா?

கருங்கல் நர்ஸ்:
ரத்து வேண்டாம், மக்கா. பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வீட்டுக்கு அனுப்ப என்ன செய்கிறார்கள், அரசுப் பதிவு உண்டா என்று அந்த இல்லத்துக்கு எழுதிக் கேட்கச் சொல். மழுப்பினால் அங்கே போகாதீர்கள், புனோம் பென் சபைக்காரர்களோடு பேசித் தருகிறேன், ஆனால் அவர்கள் 12 பேரைக் கேட்க மாட்டார்கள். நர்ஸ், எலக்ட்ரீசியன், கணக்கு தெரிந்தவர் என்று மூன்று பேர் போதும்.

குளச்சல்காரன்:
மீதி ஒன்பது பேர் ஒக்கிப் புயலில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு சாயங்காலம் டியூஷன் எடுக்க வரட்டும். பஸ் சார்ஜ் நான் தருகிறேன்.

மார்த்தாண்டம் வாலிபன்:
அந்த ஒன்பது பேர் யார் என்று நான் போய்ச் சொன்னால் என்னை உதைப்பார்கள்.